ஒலிக்குத் திசை காட்டிய ஆலன் புளூம்லைன்

லண்டனில் ஏழு வயதுப் பையன் ஒருவன் தன் வீட்டு அழைப்பு மணியைப் பழுதுபார்த்தான். வேலை முடிந்ததும் அப்பாவிடம் ஒரு பில்லை நீட்டினான். பில்லில் தன் பெயரை எழுதி, பெயரோடு மின்பொறியாளர் என்றும் போட்டிருந்தான். அதே பையனுக்கு 12 வயது வரை சரளமாகப் படிக்க வரவில்லை என்று அவனுடைய சகோதரி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தப் பையன்தான் ஆலன் டவர் புளூம்லைன். இன்று நாம் காதில் மாட்டும் இயர்போனில் இடது ஒரு மாதிரியும் வலது ஒரு மாதிரியும் ஒலிப்பதற்கும், வரவேற்பறையில் ஐந்தாறு ஒலிபெருக்கிகளை வைத்துத் திரையரங்கு போலப் படம் பார்ப்பதற்கும் அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர். ஒலித்துறையில் வேலை செய்பவர்களுக்கு உலகம் முழுவதும் தெரிந்த பெயர் இது. நம் மாணவர்களிடம் எடிசன் யார் என்று கேட்டால் உடனே பதில் வரும். புளூம்லைன் யார் என்று கேட்டால் வராது.

எனக்கும் வந்திருக்காது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாயில் அறிவியல் படித்து, இப்போது மலாக்காவில் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். அங்கே ஒரு வகுப்பில், இரண்டு டிரான்சிஸ்டர்களைத் தராசுத் தட்டுகள் போல இணைத்து, இரண்டு சமிக்ஞைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பெரிதாக்கும் சுற்றைப் படித்தோம். அந்த அமைப்புக்கு 1936இல் வெற்றிடக் குழாய்களைக் கொண்டு காப்புரிமை கேட்டவர் புளூம்லைன் என்று விரிவுரையாளர் சொன்னார். பெயரைக் குறித்துக்கொண்டு தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அவருடைய வாழ்க்கை முழுவதும் ஒரே சொல்லைச் சுற்றி வருவதாக எனக்குத் தோன்றியது. அந்தச் சொல் வித்தியாசம்.

படிப்பும் முதல் வேலையும்

புளூம்லைன் 1903ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி லண்டனின் ஹாம்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். அப்பா ஜெர்மனியில் பிறந்து பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். அம்மா, தென்னாப்பிரிக்காவுக்குப் போன ஸ்காட்லாந்து மதபோதகர் ஒருவரின் மகள். பல நாட்டு வேர்கள் கொண்ட குடும்பம்.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறிய பையன் கணக்கில் திணறவில்லை. ஹைகேட் பள்ளியை முடித்து, 1921இல் உதவித்தொகை பெற்று சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். நேராக இரண்டாம் ஆண்டிலேயே சேர்த்துக்கொண்டார்கள். முதல் வகுப்பில் பட்டம் பெற்றார்.

1924இல் தொலைபேசிக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் நீண்ட தூரத் தொலைபேசிக் கம்பிகளில் ஒரு தொல்லை இருந்தது. ஒரு கம்பியில் ஒருவர் பேசினால், பக்கத்துக் கம்பியில் பேசுபவருக்கும் அது மெல்லக் கேட்கும். ஒரு சமிக்ஞை இன்னொன்றில் எவ்வளவு கசிகிறது, எவ்வளவு தாமதமாகிறது என்பதை நுட்பமாக அளந்தால்தான் அதைத் தடுக்க முடியும். இளம் புளூம்லைன் செய்தது அந்த வேலை. மிகச் சிறிய வித்தியாசங்களை அளக்கும் பழக்கம் அங்கேதான் அவர் கையில் படிந்திருக்க வேண்டும்.

1929இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்கு மாறினார். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேலை சுவையானது. மின்சாரத்தால் இசைத்தட்டில் ஒலியைச் செதுக்கும் முறைக்கான காப்புரிமை அமெரிக்காவின் பெல் நிறுவனத்திடம் இருந்தது. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் அவர்களுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் காப்புரிமையை மீறாத புதிய செதுக்கும் கருவி ஒன்று வேண்டும் என்றார்கள். புளூம்லைன் வேறு தத்துவத்தில், இன்னும் தெளிவாகப் பதிவு செய்யும் கருவியைச் செய்து கொடுத்தார்.

1931இல் கொலம்பியாவும், நாய் படம் போட்ட ஹெச்.எம்.வி. தட்டுகளை வெளியிட்ட கிராமபோன் நிறுவனமும் இணைந்து இ.எம்.ஐ. ஆனது. நம் தாத்தா பாட்டி காலத்து வீடுகளில் அந்த நாயைப் பார்த்தவர்கள் இன்னும் இருப்பார்கள். அந்த நாய்க்குப் பின்னால் இருந்த ஆய்வுக்கூடத்தில்தான் நம் கதையின் முக்கியமான பகுதி நடந்தது.

திரையரங்கில் பிறந்த கேள்வி

அதே 1931. புளூம்லைன், பிற்காலத்தில் தம் மனைவியான டோரீன் லேனுடன் படம் பார்க்கப் போனார். பேசும் படம் வந்த புதிது. திரைக்குப் பின்னால் ஒரே இடத்திலிருந்துதான் ஒலி வரும். நடிகர் திரையின் ஓரத்துக்கு நடந்து போய்ப் பேசினாலும் குரல் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். அரங்கில் எல்லாரும் படம் பார்த்தார்கள். புளூம்லைனுக்கு மட்டும் அது உறுத்தியது. குரலை நடிகரோடு நடக்க வைக்கத் தன்னிடம் வழி இருக்கிறது என்று டோரீனிடம் சொன்னார்.

வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. 1931 டிசம்பர் 14ஆம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 70 கோரிக்கைகள் கொண்ட அந்த ஆவணம் 1933இல் 394325 என்ற எண்ணில் ஏற்கப்பட்டது. அவர் அதை ஸ்டீரியோ என்று சொல்லவில்லை. இரு காது ஒலி என்றே குறிப்பிட்டார்.

அதன் கருத்தைப் படிவம் 4 மாணவர்களுக்கும் புரியும்படி சொல்ல முடியும். நம் இரண்டு காதுகளுக்கும் இடையில் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் தூரம். இடப்பக்கமிருந்து ஒருவர் கூப்பிட்டால் இடது காதுக்கு ஒலி முதலில் போய்ச் சேர்கிறது. வலது காதுக்குப் போகும்போது, ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதம். தலை நடுவில் மறைப்பதால், கீச்சொலிகள் வலது காதில் சற்றுக் குறைவாகவும் கேட்கும். இந்த இரண்டு வித்தியாசங்களையும் வைத்து மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது.

இதை ஒலிபெருக்கியில் கொண்டுவருவது எப்படி? இரண்டு ஒலிபெருக்கிகள் வைத்தால், இரண்டின் ஒலியும் இரண்டு காதுகளுக்கும் போகுமே! இங்கேதான் புளூம்லைனின் மூளை வேலை செய்தது. இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் ஒரே ஒலியைக் கொடுத்து, ஒன்றில் மட்டும் சற்றுச் சத்தமாக ஒலிக்கச் செய்தால், காதில் அவை கலக்கும்போது திசைக்குத் தேவையான வித்தியாசம் தானாக உண்டாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு பாடகர் நிற்பது போல நமக்குக் கேட்கிறதே, அது இந்தக் கணக்கின் பலன்.

அதே ஆவணத்தில் இன்னும் பல இருந்தன. குறுக்காக வைத்த இரண்டு ஒலிவாங்கிகளால் பதிவு செய்யும் முறை இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. இசைத்தட்டின் ஒரே பள்ளத்தில், ஒரு சுவரில் இடது ஒலியையும் மறு சுவரில் வலது ஒலியையும் 45 பாகைச் சாய்வில் செதுக்கும் முறையும் அதில் உண்டு. இடதையும் வலதையும் கூட்டினால் ஒரு சமிக்ஞை, கழித்தால் இன்னொரு சமிக்ஞை, இந்த இரண்டையும் வைத்து மறுபடி இடது வலதைப் பெறலாம் என்ற தந்திரமும் உண்டு. வகுப்பில் நாம் போடும் ஒருங்கமை சமன்பாடுதான் அது. இன்று காரில் மின்னல் பண்பலை கேட்கும்போதும், கூட்டலும் கழித்தலுமாகத்தான் ஒலி காற்றில் வந்து சேர்கிறது.

1934 ஜனவரியில் லண்டன் ஏபி ரோட் ஒலிப்பதிவுக் கூடத்தில் தாமஸ் பீச்சம் நடத்திய இசைக்குழுவின் மொசார்ட் சிம்பொனியை இந்த முறையில் பதிவு செய்தார்கள். 1935இல் சோதனைப் படங்கள் எடுத்தார்கள். ஒன்றில் ஆட்கள் மேடையில் குறுக்கும் நெடுக்கும் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். இன்னொன்றில் ஹேய்ஸ் நிலையத்தில் ரயில்கள் போகின்றன. கதை ஒன்றும் இல்லை. ஆனால் குரல் ஆளோடு நடந்தது. சத்தம் ரயிலோடு ஓடியது.

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தினரும் அதே ஆண்டுகளில் இதே போன்ற ஆராய்ச்சியில் இருந்தார்கள். 1933இல் பிலடெல்பியாவில் வாசித்த இசையைத் தொலைபேசிக் கம்பி வழியாக வாஷிங்டனில் மூன்று ஒலிபெருக்கிகளில் ஒலிக்கச் செய்தார்கள். ஆகவே புளூம்லைன் தனி ஒருவராக எல்லாவற்றையும் கண்டுபிடித்தார் என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் வீட்டில் இரண்டே ஒலிபெருக்கிகளிலும் ஒரே தட்டிலும் அடங்கும்படி முழுமையாக யோசித்தவர் அவர்.

மெர்லிமாவ் வீட்டில் ஒரு சோதனை

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். என் சின்னம்மா குடும்பம் தோட்ட லயத்திலிருந்து மெர்லிமாவ் பக்கம் ஒரு தாமான் வீட்டுக்கு மாறியது. லயத்தில் ஒரே வானொலிதான். புது வீட்டுக்கு வந்த முதல் தீபாவளிக்குச் சித்தப்பா ஆசையாக 5.1 ஒலியமைப்பு வாங்கினார். முன்னால் இடது, வலது, நடு என மூன்று, பின்பக்கம் இரண்டு, ஆக ஐந்து ஒலிபெருக்கிகள். அடித்தொனிக்காக மட்டும் உள்ள சப்வூஃபர்தான் அந்த .1. கடையிலிருந்து வந்தவர் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் சின்னம்மாவுக்குத் திருப்தி இல்லை. பழைய பாட்டு போட்டால் பாடுகிறவர் எங்கோ கிணற்றுக்குள் இருந்து பாடுவது போல இருக்கிறது, பழைய வானொலியே தேவலை என்றார்.

நான் போய்ப் பார்த்தபோது முதலில் முன்னிரண்டு ஒலிபெருக்கிகள் மட்டும் பாடும்படி வைத்து, ஸ்டீரியோ வராத காலத்துப் பாட்டு ஒன்றைப் போட்டேன். அந்தக் காலப் பாட்டில் இடதும் வலதும் ஒன்றே. ஆகவே குரல் சரியாக நடுவில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. தவிலின் அடியோசையும் காணோம். கருவியை அணைத்துவிட்டுப் பின்னால் பார்த்தால், இடது ஒலிபெருக்கியில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருந்தன. ஒரு ஒலிபெருக்கி காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்தது. முகடும் அகடும் சந்தித்தால் ஒன்றையொன்று அழிக்கும் என்று அலைகள் பாடத்தில் படிக்கிறோமே, அதுதான். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர் என்பதால், சிறிய அறையில் அடித்தொனிதான் அதிகம் அழியும். வயரை மாற்றிப் போட்டதும் பாடுகிறவர் கிணற்றிலிருந்து ஏறி வந்து தொலைக்காட்சிக்கு நேராக நின்றார். செலவு ஒரு காசும் இல்லை.

மற்றக் குறைகளும் இப்படித்தான். படத்தில் பாட்டுக் காதைப் பிளக்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை என்றால் நடு ஒலிபெருக்கியைப் பாருங்கள். 5.1 ஒலியில் வசனத்தில் பெரும்பகுதி அதில்தான் வருகிறது. அதை அலமாரிக் கதவுக்குப் பின்னால் அடைத்து வைத்தால் குரல் மங்கும். வயர் கழன்றிருந்தால் குரலே இருக்காது. பின்பக்க ஒலிபெருக்கிகளைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்கும் வீடுகளும் உண்டு. அவை உட்காருபவரின் இரு பக்கமும், காதுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். ஒன்று அருகிலும் ஒன்று தொலைவிலும் இருந்தால், அமைப்புப் பட்டியலில் ஒவ்வொன்றின் தூரத்தையும் அளந்து கொடுக்க வேண்டும். ஒலி 1 மீட்டர் போக ஏறக்குறைய வினாடியில் ஆயிரத்தில் 3 பங்கு ஆகிறது. நம் காது திசை அறியும் வித்தியாசத்தைவிட அது நான்கு மடங்குக்கும் மேல். உதடு அசைவும் குரலும் பொருந்தாவிட்டால், தொலைக்காட்சி படத்தைச் சீர்செய்ய எடுக்கும் நேரம் காரணமாக இருக்கலாம். ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு.

திரையரங்கில் புளூம்லைனுக்கு வந்த குறையும் சின்னம்மாவுக்கு வந்த குறையும் ஒன்றுதான் என்று அன்று எனக்குத் தோன்றியது. குரல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சின்னம்மாவுக்குக் காரணம் தெரியாது. ஆனால் காது சரியாகச் சொல்லியது.

தொலைக்காட்சி, ரேடார், ஒரு நட்டு

ஸ்டீரியோவை இ.எம்.ஐ. தொடரவில்லை. பொருளாதார மந்த காலம். இரண்டு ஒலிபெருக்கிகள் யார் வாங்குவார்கள்? புளூம்லைனையும் அவருடைய குழுவையும் தொலைக்காட்சிப் பக்கம் திருப்பினார்கள். அவர்கள் உருவாக்கிய 405 கோட்டு முறையும் பேர்டின் முறையும், 1936 நவம்பர் 2ஆம் தேதி பி.பி.சி. தொடங்கிய தொலைக்காட்சி ஒளிபரப்பில் மாறி மாறிப் பயன்பட்டன. சில மாதங்களிலேயே பேர்டின் முறை கைவிடப்பட்டு, இவர்களுடையது நிலைத்தது. தம் பெயரில் மொத்தம் 128 காப்புரிமைகளை அவர் பெற்றார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏழு.

போர் வந்ததும் ரேடார் வேலைக்குப் போனார். இருட்டிலும் மேகத்துக்கு மேலிருந்தும் தரையின் வடிவத்தை விமானத்துக்குள் திரையில் காட்டும் எச்2எஸ் என்ற கருவி அது. அந்தக் கருவி பின்னர் ஜெர்மனியின் நகரங்கள் மீது குண்டு வீசவும் பயன்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே காலத்தில் நம் மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது. நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோன கொடுமையும் அந்த ஆட்சியில்தான் நடந்தது. யுத்தம் எந்தத் திசையிலும் மனிதர்களை விட்டுவைக்கவில்லை.

1942 ஜூன் 7ஆம் தேதி, அந்த ரேடாரைச் சோதிக்க ஹாலிஃபாக்ஸ் விமானம் ஒன்றில் புளூம்லைன் ஏறினார். நடுவானில் ஓர் இயந்திரம் தீப்பிடித்தது. விமானம் இங்கிலாந்தின் வெல்ஷ் பிக்னர் என்ற கிராமத்தருகே விழுந்தது. அதில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். 39ஆம் பிறந்த நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. டோரீனும் இரண்டு மகன்களும் தனித்து நின்றார்கள். போர் இரகசியம் என்பதால் விபத்தைப் பற்றி அப்போது வெளியே சொல்லவில்லை.

விசாரணையில் தெரிந்த காரணம் மனத்தை அழுத்துகிறது. இயந்திரத்தில் ஒரு நட்டு சரியாக முறுக்கப்படவில்லை. அதனால் வால்வு ஒன்று உடைந்து, எரிபொருள் தீப்பற்றியது. நுட்பமான வித்தியாசங்களை அளந்தே வாழ்ந்த ஒருவரை, யாரோ அளக்காமல் விட்ட ஒரு சிறு இடைவெளி கொண்டுபோனது. பொறியியல் படிக்கும் எனக்கு இந்த ஒரு வரி, பாதுகாப்பு விதிமுறைப் புத்தகம் முழுவதையும்விட நன்றாகப் புரிகிறது.

பிறகு வந்த பெயர்

1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளில் பரவலாக வந்தன. 45 பாகைச் சாய்வில் இரு சுவர்களிலும் செதுக்கும் அதே முறைதான். ஆனால் புளூம்லைன் இறந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. காப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. 1970களில் டால்பி நிறுவனம் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்த முறையிலும் அதே கூட்டல் கழித்தல் உண்டு. இடதுக்கும் வலதுக்கும் பொதுவானது நடு ஒலிபெருக்கிக்கு, வித்தியாசமானது பின்பக்கத்துக்கு. இரண்டு தடங்களிலிருந்து நான்கு திசைகள். 1995இல் கமல்ஹாசன் நடித்த குருதிப்புனல் டால்பி ஸ்டீரியோ ஒலியுடன் வந்தபோது தமிழ்த் திரையும் அந்த வரிசையில் சேர்ந்தது.

அவர் குடியிருந்த லண்டன் வீட்டில் 1977இல் நினைவுப் பலகை வைத்தார்கள். 2017இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது, இறந்து 75 ஆண்டுகள் கழித்து அவர் பெயருக்குப் போனது.

வார இறுதிகளில் எங்கள் மாணவர் குழு ஜாசின் வட்டாரத்தில் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறது. அங்கே நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் இருக்கிறான். வாசிப்பில் பின்தங்கியவன், குறைநீக்கல் வகுப்புக்குப் போகிறவன். ஒரு நாள் எங்கள் மேசை விசிறி நின்றுவிட்டது. பெரியவர்கள் நாங்கள் ஸ்விட்சைத் தட்டிக்கொண்டிருந்தபோது, வேறு பிளக் துளையில் போட்டுப் பாருங்கண்ணே என்றான். விசிறி ஓடியது. துளைதான் கெட்டிருந்தது. குறை எங்கே என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கும் அந்தப் பழக்கத்துக்குத் தேர்வில் புள்ளி இல்லை. அவனுக்கு வாசிப்பையும் நாம் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும். புளூம்லைனும் பிறகு படிக்கக் கற்றுக்கொண்டுதான் 70 கோரிக்கைகளை எழுதினார். ஆனால் வாசிக்க வருவதற்குள் அவனை மக்கு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நண்பர்களே, இந்த வாரம் வீட்டில் பழைய பாட்டு ஒன்றைப் போட்டு, இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் சமதூரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேளுங்கள். குரல் நடுவில் நிற்கிறதா? நிற்காவிட்டால் கருவியை அணைத்துவிட்டு வயர்களைப் பாருங்கள். வீட்டில் சின்னவர்கள் யாராவது காரணம் கேட்டால், அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.